உயர்நிலைப் பள்ளியில் 90 நிமிட வகுப்பு வேண்டுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் பதினொரு வருஷம் வேதியியல் நடத்தினேன். அப்புறம் அமெரிக்காவின் வட கரோலினாவுக்கு வந்து, ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது வருஷமாக அதே பாடம். அங்கே 40 நிமிடப் பீரியட், இங்கே 90 நிமிட வகுப்பு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் என்னைப் பார்த்தாலே இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிலருடைய பள்ளி இந்த முறைக்கு மாறப் போகிறது. சிலர் வேறு மாநிலத்திலிருந்து வந்து, டைம்டேபிளைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு நீளமாக இருப்பது நல்லது. ஒரு பாடத்தின் முதல் பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுவது கெடுதல். முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தவிர்க்க வழி இருக்கிறது.

பிளாக் ஷெட்யூல் என்றால் என்ன?

வழக்கமான அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாளைக்கு ஆறு அல்லது ஏழு பாடம், ஒவ்வொன்றும் 45, 50 நிமிடம், வருஷம் முழுக்க. பிளாக் முறையில் ஒரு நாளைக்கு நாலே வகுப்பு, ஒவ்வொன்றும் 85, 90 நிமிடம்.

இதில் இரண்டு வகை உண்டு. எல்லாக் குழப்பமும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகிறது. ஒன்று 4×4: நாலு பாடத்தைத் தினமும் படித்து ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் முடித்துவிடுவார்கள்; வேறு நாலு பாடம் ஜனவரியில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும். ஒரு வருஷப் பாடம் அரை வருஷத்தில் முடிந்துவிடும். மற்றது ஏ-பி முறை: எட்டுப் பாடமும் வருஷம் முழுக்க ஓடும், ஏ நாளில் நாலு, பி நாளில் நாலு. இன்றைக்குக் கணக்கு இருந்தால் நாளைக்கு இருக்காது, நாளை மறுநாள் இருக்கும்.

யார் தொடங்கிவைத்தது இதை?

அதற்கு முன்னால் 50 நிமிடப் பீரியட் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க முன்வந்தது. எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது? உயர்நிலைப் பள்ளியில் இத்தனை 'யூனிட்' படித்தவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரிக்கு. ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தில் ஏறக்குறைய 120 மணி நேரம். 1906 வாக்கில் வந்த இந்த அளவுதான் நாடெங்கும் பள்ளிகளின் அச்சாகிவிட்டது. ஆக, பள்ளி மணி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்பதில் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்ற யோசனையைவிட ஓய்வூதியக் கணக்குக்கே பங்கு அதிகம். ஆசிரியராக எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

மாற்ற முயன்றவர்கள் உண்டு. 1950களின் கடைசியில் லாயிட் டிரம்ப் என்பவர் பாடத்துக்குப் பாடம் நீளம் மாறும் டைம்டேபிளை முன்வைத்தார். 1989-இல் மாசசூசெட்ஸின் மாஸ்கோனோமெட் வட்டாரப் பள்ளியில் ஜோசப் கேரல் ஒரு பகுதி மாணவர்களுக்கு ஒரு சமயத்தில் இரண்டே பெரிய பாடம் என்று நடத்திப் பார்த்தார். 1994-இல் நேரமும் கற்றலும் பற்றிய தேசிய ஆணையம், பள்ளிகள் கடிகாரத்தின் கைதிகளாக இருக்கின்றன என்று அறிக்கை கொடுத்தது. வர்ஜீனியாவில் ராபர்ட் லின் கனடியும் மைக்கேல் ரெட்டிக்கும் பிளாக் முறையைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனார்கள். 90களில் வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் இது வேகமாகப் பரவியது.

வகுப்பு நீளமானால் படிக்கும் நேரம் கூடுமா?

குறையும். பள்ளிக் கூட்டங்களில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பழைய முறையில் 50 நிமிடம், 180 நாள்: 9,000 நிமிடம், அதாவது 150 மணி. 4×4-இல் 90 நிமிடம், 90 நாள்: 8,100 நிமிடம், 135 மணி. ஏ-பி முறையிலும் அதே 135. ஒரு பாடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நேரம் போய்விடுகிறது.

அந்த நேரம் எட்டாவது பாடத்துக்குப் போகிறது. ஏழு பாடம் படித்த பிள்ளை இப்போது வருஷத்துக்கு எட்டு எடுக்கலாம். நாலு வருஷத்தில் 28 கிரெடிட்டுக்குப் பதில் 32. ஓவியம், கம்ப்யூட்டர், சமையல், தச்சு என்று எதையாவது தொட்டுப் பார்க்க இடம் கிடைக்கும். இது உண்மையான லாபம். ஆனால் கணக்குக்கும் அறிவியலுக்கும் நேரம் கூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வகுப்பு மாறும் நேரம் மிச்சமாவதும் உண்டு. ஏழு பீரியடுக்கு ஆறு தடவை நடக்க வேண்டும், நாலு வகுப்புக்கு மூன்று தடவை. நடைக்கு 5 நிமிடம் என்றால் நாளைக்குக் கால் மணி நேரம். ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் காரிடாரில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, அது பாதியாகக் குறைவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

90 நிமிடத்தில் அப்படி என்னதான் செய்ய முடியும்?

ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன்: அமில-கார தரம் பார்த்தல், அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலத்தின் அளவைக் கண்டுபிடிப்பது.

ஊரில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு 40 நிமிடம். வருகைப் பதிவு, ஆய்வகத்துக்கு நடை, பியூரெட்டைக் கழுவுவது, கரைசலை நிரப்புவது என்று முதல் 20 நிமிடம் போய்விடும். மிச்ச நேரத்தில் நான் மேசையில் செய்து காட்டுவேன், ஐம்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். கூம்புக் குடுவையில் நிறம் மாறும்போது முன்வரிசை "ஆ" என்று சொல்லும். பின்வரிசைக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். மணி அடித்துவிடும். பதினொன்று, பன்னிரண்டில் செய்முறைக்கு இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்போதுதான் பிள்ளைகள் கையில் பிப்பெட்டே போகும்.

இங்கே போன வருஷம் அதே சோதனை. கடையில் வாங்கிய வினிகர் குடுவையில், சோடியம் ஹைட்ராக்சைடு பியூரெட்டில், நிறம் காட்ட இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன். ஒரு பெண், அதிகம் பேசாத பிள்ளை. முதல் தடவை குழாயைத் திறந்துவிட்டுக் கவனிக்காமல் இருந்தாள். குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. கொட்டிவிட்டு இன்னொரு தடவை. கடைசி ஒரு மில்லியில் திருகைத் தொடவே பயந்தாள், ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்றினாள். வெள்ளைத் தாளைக் கீழே வைத்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மெல்லிய இளஞ்சிவப்பு, அரை நிமிடம் நின்றது. மூன்றாவது தடவையும் செய்தாள், அளவு ஒத்துவந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டு, வினிகரில் அமிலம் கிட்டத்தட்ட 5 சதவீதம் என்று கண்டுபிடித்தாள். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். 5 என்று அச்சடித்திருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அப்போது வகுப்பு முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

தப்புச் செய்து, ஏன் தப்பானது என்று யோசித்து, திரும்பச் செய்ய நேரம் இருந்ததால் நடந்தது அது. நீண்ட வகுப்பை நான் விரும்புவது இதற்காகத்தான். கட்டுரை எழுதித் திருத்துவதற்கும், வரலாற்று ஆவணத்தை வைத்து விவாதிப்பதற்கும் இதே நியாயம் பொருந்தும்.

எங்கள் பையன் 20 நிமிஷம்கூட ஒழுங்காக உட்காரமாட்டான். 90 நிமிஷமா?

90 நிமிடமும் ஆசிரியர் பேசிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளையும் உட்காராது, நானும் உட்காரமாட்டேன். பாடத்தை மூன்று நாலு துண்டாக்க வேண்டும்: கொஞ்ச நேரம் விளக்கம், கொஞ்ச நேரம் கை வேலை, கொஞ்ச நேரம் இரண்டு பேராகச் சேர்ந்து கணக்கு, கடைசியில் ஒரு சின்னச் சோதனை. இதற்குப் பயிற்சி வேண்டும். அது இல்லாமல் மாறிய பள்ளிகளில் என்ன நடக்கும் தெரியுமா? பழைய 50 நிமிடப் பாடத்தை நடத்திவிட்டு, "மிச்ச நேரத்தில் ஹோம்வொர்க் செய்யுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். நான் இங்கே வந்த முதல் வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். எனக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. அந்த வருஷத்துப் பிள்ளைகள் குறைவாகத்தான் கற்றார்கள், அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

உங்கள் பையனிடம் "இன்றைக்கு வகுப்பில் கடைசி அரை மணி நேரம் என்ன செய்தீர்கள்?" என்று ஒரு வாரம் தொடர்ந்து கேளுங்கள். அந்தப் பள்ளியில் பிளாக் எப்படி நடக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பத்தாம் வகுப்பு அறிவியலை ஒப்பிட்டு 1990-இல் டேவிட் பேட்சன் வெளியிட்ட ஆய்வில், வருஷம் முழுக்கப் படித்தவர்கள் அரை வருஷத்தில் முடித்தவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். லண்டன் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2010-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கிடைத்த பலன் சிறியது, இதை வைத்துக்கொண்டு பள்ளிகளை மாறச் சொல்ல முடியாது என்பதே அவர்கள் முடிவு. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் வருஷ அறிவியல் மாணவர்களை ஆராய்ந்த பிலிப் சாட்லர், ராபர்ட் டாய் குழுவும் பிளாக் முறையில் படித்து வந்தவர்களுக்குத் தனி ஆதாயம் எதையும் காணவில்லை.

எனக்கு இது வியப்பாக இல்லை. 90 நிமிடத்தை நன்றாகப் பயன்படுத்தும் வகுப்பையும், பாதியை வீணாக்கும் வகுப்பையும் ஒரே பெயரில் போட்டுச் சராசரி எடுத்தால் இப்படித்தான் வரும். ஆனாலும் மதிப்பெண் ஏறிவிடும் என்று வாக்குக் கொடுத்து இதைக் கொண்டுவரும் நிர்வாகத்திடம், எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணக்கு, மொழி, இசை: இவற்றுக்கு 4×4 ஒத்துவருமா?

வராது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஆகஸ்டு முதல் ஜனவரி வரை மேத் 1 படிக்கிறாள் ஒரு பிள்ளை. பத்தாம் வகுப்பில் மேத் 2 அவளுக்கு ஜனவரியில்தான் கிடைக்கிறது. நடுவில் முழுசாக ஒரு வருஷம் கணக்கே இல்லை. பழைய முறையில் என்றால் கோடை விடுமுறை இரண்டரை மாதம், அவ்வளவுதான். ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார்: படித்ததை மனது வேகமாக இழக்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டால்தான் நிற்கிறது. நம் ஊரில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த தாத்தாக்களுக்கு இது தெரியும்.

என் வகுப்பில் இதை ஒவ்வொரு ஜனவரியும் பார்க்கிறேன். மோல் கணக்குக்கு விகிதம் வேண்டும். போன ஜனவரியில் கணக்கில் 'ஏ' வாங்கிய பையன், இந்த ஜனவரியில் கரும்பலகை முன்னால் x-ஐ ஒரு பக்கம் கொண்டுவரத் தெரியாமல் நின்றான். சோம்பேறி இல்லை, நல்ல பையன். ஒரு வருஷமாக யாரும் அவனை ஒரு சமன்பாடு போடச் சொல்லவில்லை, அதுதான் காரணம்.

ஸ்பானிஷ், பிரெஞ்சுக்கும் இதே கதை. பேண்டு, ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க வாத்தியம் கையில் இருக்க வேண்டும். அதற்காக இரண்டு செமஸ்டரும் ஒரு இடத்தை ஒதுக்கினால், 4×4 தருவதாகச் சொன்ன கூடுதல் இடம் அங்கேயே போய்விடுகிறது. ஏ-பி முறையில் இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது.

ஏபி தேர்வுக்கு என்ன ஆகும்?

ஏபி என்றால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்; மேலே சொன்ன ஏ-பி டைம்டேபிள் வேறு. இந்தத் தேர்வு நாடு முழுக்க மே மாதத்தில். 4×4-இல் ஆகஸ்டில் எடுத்த ஏபி பாடம் ஜனவரியில் முடிந்து, பிள்ளை நாலு மாதம் கழித்துத் தேர்வு எழுதுவாள். ஜனவரி கடைசியில் தொடங்கினால் தேர்வுக்கு முன் பதினைந்து வாரம்கூட இருக்காது. நல்ல பள்ளிகள் ஏபி பாடங்களை மட்டும் வருஷம் முழுக்க ஏ-பி முறையில் நடத்துகின்றன, அல்லது முதல் செமஸ்டரில் அதற்கு அடித்தளமான ஒரு பாடத்தை வைக்கின்றன. உங்கள் பள்ளி எதைச் செய்கிறது என்று, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். பாதிக்குமா?

4×4 என்றால் ரொம்பவே பாதிக்கும். ஒரு நாள் விடுப்பு, பழைய முறையில் ஏறக்குறைய இரண்டு நாள் பாடத்துக்குச் சமம். கிறிஸ்துமஸ் விடுமுறை போக ஐந்து பள்ளி நாள் தவறினால் பத்து நாள் பாடம் போன மாதிரி. வட கரோலினாவில் பல பள்ளிகளில் முதல் செமஸ்டரின் இறுதித் தேர்வு ஜனவரியில்தான். ஊரிலிருந்து இறங்கிய தூக்கக் கலக்கத்தோடு பிள்ளை தேர்வுக்குப் போகிறது. தாத்தா பாட்டியைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முடிந்தால் கோடையில் போங்கள்.

வேலை மாறி வேறு மாநிலம் போக வேண்டியிருந்தால்?

நடு வருஷத்தில் 4×4 பள்ளியிலிருந்து பழைய முறைப் பள்ளிக்கு மாறுவது சிரமம். கையில் நாலு முழுப் பாடம் முடிந்திருக்கும், மற்ற நாலில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள். புதிய பள்ளியில் எல்லாப் பாடமும் பாதிதூரம் ஓடியிருக்கும். தேதி உங்கள் கையில் இருந்தால் கோடை வரை தள்ளிப் போடுங்கள். ஏ-பி பள்ளியிலிருந்து மாறுவதில் இவ்வளவு சிக்கல் இல்லை.

தடுமாறும் பிள்ளைகளுக்கு இதில் நன்மை உண்டா?

உண்டு. 4×4-க்காக நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை இதுதான். முதல் செமஸ்டரில் தோற்ற பாடத்தை அதே கல்வி வருஷத்தில், அடுத்த செமஸ்டரிலேயே திரும்ப எடுக்கலாம், வருஷம் போகாது. ஒரு சமயத்தில் நாலு பாடம்தான் என்பதால் மூழ்கிப்போகும் உணர்வும் குறையும்.

ஆனால் உண்மையில் பலன் தந்தது வேறொன்று. சிகாகோவில் 2003-இல், கணக்கில் பின்தங்கி ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவைத் தினமும் இரண்டு பீரியட் என்று வைத்தார்கள். பிற்பாடு ஆராய்ந்தபோது, அந்தப் பிள்ளைகளில் பள்ளியை முடித்தவர்களும் கல்லூரிக்குப் போனவர்களும் அதிகரித்திருந்தார்கள். அங்கே நேரத்தை மாற்றி அடுக்கியதோடு நிற்கவில்லை. கூடுதல் நேரமே கொடுத்தார்கள்.

ஆசிரியர்களுக்கு எது வசதி?

4×4. நான் ஒரு செமஸ்டரில் மூன்று வகுப்பு எடுக்கிறேன், வகுப்புக்கு 28 பேர் என்றால் 84 பிள்ளைகள். பெயர், கையெழுத்து, யார் எங்கே சறுக்குவார்கள் என்பதெல்லாம் செப்டம்பர் முடிவதற்குள் தெரிந்துவிடும். ஏ-பி முறையில் ஆறு வகுப்பு, 168 பிள்ளைகள். நான் பரிந்துரைக்கும் ஏ-பி முறைக்கு இது பெரிய குறைதான், மறைக்க விரும்பவில்லை.

டொராண்டோவிலும் இப்படி ஏதோ செய்தார்களே?

கொரோனா காலத்தில். 2020 இலையுதிர் பருவத்தில் ஒன்டாரியோவின் பல பள்ளிகள் 'குவாட்மெஸ்டர்' முறைக்கு மாறின: ஒரு சமயத்தில் இரண்டே பாடம், ஏறக்குறைய பத்து வாரத்தில் முடிவு. பிள்ளைகள் கலப்பதைக் குறைக்கச் செய்தது அது. ஸ்கார்பரோவில் இருக்கும் என் தோழி வீட்டில், மகள் இரசாயனவியலைப் பத்து வாரத்தில் விழுங்கி முடித்தாள். நோயைத் தடுக்கச் செய்த ஏற்பாட்டை, கற்பித்தலுக்கான முன்மாதிரியாக யாரும் காட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இது சரிப்படுமா?

முழுசாக வேண்டாம். 2023-இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சில பாடங்களுக்கு 'பிளாக் பீரியட்' வைக்கலாம் என்கிறது. எட்டு பீரியடில் வாரத்துக்கு ஒரு தடவை அறிவியலுக்கு இரண்டைச் சேர்த்து ஒன்பது, பத்தாம் வகுப்புக்கும் கொடுத்தாலே அந்தப் பின்வரிசைப் பிள்ளைகள் குடுவையைக் கையில் பிடித்துவிடுவார்கள்.

எங்கள் பள்ளி மாறப் போகிறது. கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: 4×4-ஆ, ஏ-பியா? 4×4 என்றால், ஒரு கணக்குப் பாடத்துக்கும் அடுத்த கணக்குப் பாடத்துக்கும் நடுவே அதிகபட்சம் எத்தனை மாதம் இடைவெளி விழும் என்று கேளுங்கள். கோடையைவிட நீளமாக விழாமல் பார்த்துக்கொள்வோம் என்று எழுத்தில் வாங்கினால் நல்லது. அப்புறம், மாறுவதற்கு முன் ஆசிரியர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி என்று கேளுங்கள். "மாறிய பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால், ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லி எழுந்து பேசுங்கள். நம்மவர்கள் இந்தக் கூட்டங்களில் பின்னால் உட்கார்ந்துவிட்டு கார் நிறுத்துமிடத்தில் பேசுகிறோம். மைக் முன்னால் இரண்டு நிமிடம் போதும்.

பள்ளி ஏற்கெனவே 4×4. வீட்டில் என்ன செய்யலாம்?

பாடம் எடுக்கும்போதே வரிசையைப் பாருங்கள். வசந்தத்தில் மேத் 1, அடுத்து வரும் இலையுதிர் பருவத்தில் மேத் 2 என்று அமைந்தால் நடுவில் கோடை மட்டும்தான். கவுன்சிலர்கள் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பாடப் பதிவு நடக்கும்போதே கேட்க வேண்டும்.

கணக்கு இல்லாத செமஸ்டரில், பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் திறந்து ஐந்து கணக்கு, இருபது நிமிடம். எங்கள் வீட்டில் தோசை வார்க்கும் நேரத்தில் மகன் அடுப்படி மேடையில் நோட்டை வைத்துப் போடுவான். தப்பு வந்தால் விடையைப் பார்க்காமல் மறுபடி ஒரு தடவை போடச் சொல்வேன்.